கோடு குறைந்த இடத்தில் வெட்டு

ஜனவரி 8, புதன்

புது டைரி. தங்கை மதி வேலை பார்க்கும் மருத்துவமனையில் மருந்து கம்பெனிக்காரன் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மூட்டுவலி மாத்திரை விளம்பரம். ஓசியில் வந்ததற்கு இது போதும்.

இன்று மீட்டிங்கில் வாயைத் திறந்தேன். வழக்கமாகத் திறப்பதில்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் இணையதளம் எங்களுடையது; நான் அதில் டேட்டா பார்க்கிறவள். இத்தனை வருடமாக ஒரே பாட்டு. விண்ணப்பத்தில் சாதி என்ற கட்டத்தில் ஆள் எதை நிரப்பினானோ, அதே சாதிக்காரர்களைக் கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டு. "மேட்ச் ஏறவே மாட்டேங்குதுப்பா, ஏதாவது ஐடியா சொல்லுங்க" என்று தலைவர் பிரகலாத் சார் புலம்பினார். அந்தக் கட்டத்தையே தூக்கிவிடலாம் என்றேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"தூக்கிட்டு எப்படிப் பிரிப்பீங்க எழில்?"

"நாம பிரிக்கவே வேணாம் சார். அவங்க நடந்துக்கறதே பிரிச்சுக் காட்டும்."

பலகையில் வரைந்தேன். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. ஒருவர் மற்றவருக்கு 'விருப்பம்' அனுப்பினால் நடுவே ஒரு கோடு. பதில் வந்தால் கோடு தடிக்கும். லட்சம் புள்ளிகளும் கோடுகளும் பின்னிக் கிடக்கும்போது, எங்கே கோடுகள் மிகக் குறைவாக ஓடுகின்றனவோ அங்கே வெட்டவேண்டும். வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் கொத்துக் கொத்தாகப் பிரிந்து நிற்கும். ஒரே கொத்தில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் காட்டினால் வேலை முடிந்தது.

"அட, கோலம் மாதிரி!" என்றார். எதைக் காட்டினாலும் இந்த மனுஷனுக்குக் கோலம்தான். பல்லைக் கடித்துக்கொண்டு ஆமாம் சார் என்றேன்.

எனக்கு ஆசை. ஊர் சுற்றுகிறவர்கள் ஒரு கொத்து, புத்தகப் பைத்தியங்கள் ஒரு கொத்து, மாமியாரோடு இருக்கமாட்டேன் என்கிறவர்கள் ஒரு கொத்து என்று வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். குக்கரில்தான் பொங்கியது. மதி முந்திரியை எல்லாம் பொறுக்கித் தின்றுவிட்டு போனோடு உட்கார்ந்துவிட்டாள். மறுமுனையில் அருண்பிரசாத். நவம்பரில் எங்கள் தளத்தில் அவளுக்கு விருப்பம் அனுப்பியவன், பாலம் கட்டும் கம்பெனியில் எஞ்சினியர். நோயாளிகளின் முழங்காலை அதட்டி மடக்கி நிமிர்த்துகிற பிசியோதெரபிஸ்ட் மதிக்கு இவ்வளவு மெதுவான குரல் ஒன்று இருப்பது எனக்கே புதுசு.

தளத்தில் அவள் பக்கத்தை நான்தான் எழுதினேன். சாதிக் கட்டத்தைக் காலியாக விட்டேன். நாங்கள் எங்கேயும் அதை நிரப்புவதில்லை. ரயில்வேயில் வேலை கிடைத்ததும் அப்பா அரக்கோணம் பக்கத்துக் காலனியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னைக்கு வந்தவர்தான், திரும்பிப் போகவே இல்லை. சாமியும் சாதியும் தெரியாதபடி எங்களுக்கு எழிலரசி, நிறைமதி என்று பெயர் வைத்தார். அம்மா 'இன்னா' என்றால் 'என்ன' என்று திருத்துவார். வீட்டுக்காரர் யாராவது "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டால் அடுத்த மாதம் வீடு மாறிவிடுவோம். "காலியா விடறது பொய் இல்லம்மா" என்பார். அவர் போய் நாலு வருடமாகிறது. அந்தச் சாதிப் பெயரை இந்த டைரியில்கூட நான் எழுதுவதில்லை. கை வராது.

எனக்கும் ஒருமுறை நிச்சயமானது. மாப்பிள்ளையின் பெரியப்பா அப்பாவின் ஊரைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அதோடு சரி. மதிக்கு அது நடக்கக்கூடாது. இந்த வருடம் எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

ஜனவரி 23, வியாழன்

தண்ணீர் லாரி வரவில்லை. தலை குளிக்காமல் ஆபீஸ் போனேன். கோடு போடும் நிரல் பாதி முடிந்தது.

பிப்ரவரி 4, செவ்வாய்

கொத்துகள் வந்துவிட்டன. அச்சு அசலாக, அழகாக. பார்த்ததும் சின்னப்பிள்ளை போலக் கைதட்டினேன்.

அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க உட்கார்ந்தேன். முதல் கொத்தைத் திறந்தேன். புத்தகப் பைத்தியமும் இல்லை, ஊர்சுற்றியும் இல்லை. டாக்டரும் இருக்கிறான், லேத் பட்டறைக்காரனும் இருக்கிறான். வேறு என்னதான் பொதுவாக இருக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். எனக்கே தெரியும், தெரிந்துகொண்டேதான் பிய்த்துக்கொண்டேன். கடைசியில் நான் தூக்கி எறிந்த கட்டத்தைப் பழைய சேமிப்பிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

ஒரு கொத்து, ஒரு சாதி. அடுத்த கொத்து, அடுத்த சாதி. பெரிய கொத்துகளை மேலும் வெட்டினால் உட்பிரிவு. அங்கங்கே கொஞ்சம் பிசிறு, அவ்வளவுதான். நான் எங்கே கட்டத்தைத் தூக்கினேன்? ஜனங்கள் ஒவ்வொரு விரல் தட்டலிலும் அதை நிரப்பிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

எரிச்சலில் மதியச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 6, வியாழன்

பிரகலாத் சாரிடம் காட்டி, இது தோல்வி, வேறு வழி பார்க்கலாம் என்றேன். அந்த ஆள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"தோல்வியா? தங்கம் எழில் இது! சாதியே கேக்கல நாம. ஒரு பய நம்மளக் குறை சொல்ல முடியாது. ஆனா அவனவனுக்கு வேணுங்கறது தன்னால வந்து நிக்குது. எப்படிம்மா பண்ண?"

பெயரும் வைத்துவிட்டார்: 'நம் வட்டம்'. ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் கீழே அவர் வட்டத்தைச் சேர்ந்த பன்னிரண்டு முகங்கள் தெரியும். மாசக் கடைசியில் வெளியீடு.

"சார், கட்டத்தைக் காலியா விட்டவங்கன்னு கொஞ்சம் பேர் இருக்காங்க" என்றேன்.

"அவங்களையும் கண்டுபிடிக்குதா?" என்று கேட்டார். கண் மின்னியது அவருக்கு.

"இல்ல சார். அவங்களுக்குக் கோடு ரொம்பக் கம்மி. எதுலயும் ஒட்டாம நிப்பாங்க."

சொல்லிவிட்டு வந்து மதியின் புள்ளியைத் தேடினேன். அருணோடு இருக்கும் ஒரே கோட்டைத் தவிர வேறில்லை, எந்தக் கொத்திலும் ஒட்டாமல் ஓரமாக நின்றது. நிம்மதியாக இருந்தது. வரும் வழியில் அவளுக்குப் பிடித்த நெய் பிஸ்கட் வாங்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 12, புதன்

"ஒட்டாத புள்ளி நெறைய இருக்கு எழில். காசு கட்டினவனுக்கு வட்டம் இல்லன்னு சொல்ல முடியுமா? ஒருத்தர்கூடத் தனியா நிக்கக் கூடாது" என்றார் பிரகலாத் சார்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூளை அரித்தது. விருப்பம் அனுப்பாவிட்டாலும், யார் யாருடைய முகத்தை எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பது இருக்கிறதே, அதையும் மெல்லிய கோடாகப் போடலாம் என்று நானே சொன்னேன். எல்லோரும் என்னைப் பார்த்த பார்வை நன்றாகத்தான் இருந்தது. அதற்கு என்ன, நான் கணக்குப் போடுகிறவள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள். அருண், அவன் அம்மா சந்திரலேகா, அப்பா. சேலத்துக்காரர்கள், சென்னைக்கு வந்து ரொம்ப வருடம். அம்மா காலையிலிருந்து இரண்டு தடவை வீடு துடைத்தாள். பஜ்ஜி, கேசரி, காபி. சாப்பாடு கிடையாது. முடிவாகிற வரைக்கும் பெண் வீட்டில் அவர்கள் கை நனைக்கமாட்டார்கள். நனைத்தால் சம்மதம் என்று அர்த்தம்.

சந்திரலேகா அம்மாள் நன்றாகப் பேசினார். "நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்லைங்க" என்று ஒருமுறை சொன்னால் போதாதா? மூன்று முறை சொன்னார். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். அம்மா ஒவ்வொரு முறையும் இன்னொரு பஜ்ஜி வைத்தாள்.

மதியும் அருணும் பால்கனியில் நின்று என்னத்தையோ பேசிச் சிரித்தார்கள். அவன் அவளுடைய ஈரக் குடையை வாங்கி மடக்கிக் கொடுத்தான். நல்ல பையன்தான்.

போகும்போது, "மார்ச் ஒம்பது ஞாயித்துக்கெழம. நல்ல நாளு. வந்து கை நனைக்கறோங்க" என்றார் சந்திரலேகா அம்மாள். கதவைச் சாத்தியதும் மதி அம்மாவைக் கட்டிப்பிடித்துச் சுற்றினாள். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "மட்டன் குழம்பு வெக்கறேன். அவங்க ஆயுசுல சாப்ட்டிருக்கக் கூடாது அந்த மாதிரி" என்றாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

பார்வைக் கோடுகளையும் சேர்த்துப் புதிதாக ஓட்டினேன். மதியின் புள்ளி ஓரத்தில் இல்லை.

அது எந்தக் கொத்துக்குள் போயிருக்கிறது என்று திறந்து பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் திறந்தேன். எங்கள் கொத்து. நடு மையத்தில் உட்கார்ந்திருக்கிறது.

எப்படி? அருணைத் தவிர வேறு யாரையும் மதி ஏறெடுத்துப் பார்க்கவில்லை. பதிவுகளைத் தோண்டினேன். அவள் பக்கத்திலிருந்து தினமும் சாயங்காலம், யார் யாருடைய பக்கங்களையோ திறந்து பார்த்திருக்கிறார்கள். ஆண்களை மட்டுமில்லை, அவர்களுடைய குடும்பப் படங்களையும். எல்லாம் அரக்கோணம், சோளிங்கர், திருத்தணிப் பக்கம். ஒவ்வொரு படத்திலும் வெகுநேரம். மதி அந்த நேரம் மருத்துவமனையில் இருப்பாள்.

அம்மாவின் போனிலும் மதியின் பக்கத்தை நான்தான் திறந்து வைத்திருந்தேன். வரன் பார்க்கட்டும் என்று.

பிப்ரவரி 22, சனி

கேட்டேன். அம்மா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கும்மா பாத்த?"

"சும்மாதான்டி."

"சும்மான்னா?"

"நம்ம ஆளுங்க முகத்தப் பாத்து எத்தினி வருசமாச்சு. யார் பெத்த புள்ள எப்டி வளந்துகீதுன்னு பாத்தேன். நம்ம பெரியதெரு கன்னியப்பன் பேரன் டாக்டராம்டி. அப்டியே தாத்தன் ஜாடை." சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு. அப்பா திருத்திய பேச்செல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"யாரையாவது கூப்ட்டுப் பேசினியா?"

"இல்லவே இல்ல. உங்கப்பா மேல சத்தியமா. பாக்கறது கூடத் தப்பா இன்னா?"

தப்பு என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். பார்த்தாலே கோடு விழும், அந்தக் கோடு மதியைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தும், சந்திரலேகா அம்மாள் திறந்தால் கீழே என்ன தெரியும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுத் தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினாள். ஆப்பை அழித்துக் கொடுத்தேன். கத்தரிக்காய் கறுத்துப்போனது.

பிப்ரவரி 24, திங்கள்

மதியின் பார்வைப் பதிவுகளை அழித்தேன். அவள் ஒருத்திக்கு மட்டும். மறுபடி ஓட்டினேன். ஓரத்துக்கு வந்துவிட்டாள்.

அவள் பக்கத்தையே எடுத்துவிடலாம் என்றால் மதி கேட்கவில்லை. "கை நனைக்கறதுக்குள்ள எடுத்தா அவங்கம்மா ஏன்னு கேப்பாங்கக்கா. அவன் பக்கத்தையும் அவங்க இன்னும் எடுக்கல." அதுவும் சரிதான். கல்யாணம் பேசுகிற இடத்தில் ஏன் என்று ஒரு கேள்வி வந்தால் போதும், அதன் பின்னாலேயே எல்லாக் கேள்வியும் வரும்.

பிப்ரவரி 28, வெள்ளி

'நம் வட்டம்' வெளியானது. ஆபீசில் கேக். பிரகலாத் சார் என் பெயரைச் சொல்லிக் கைதட்டச் சொன்னார். கேக்கில் கோலம்.

மார்ச் 4, செவ்வாய்

சந்திரலேகா அம்மாள் அம்மாவுக்குப் போன் செய்தாராம். ஜாதகத்தில் ஏதோ இடிக்கிறதாம், ஒன்பதாம் தேதி வேண்டாமாம். ஜாதகம் பார்ப்பதில்லை என்று முதல் நாளே சொன்னவர்கள். அம்மா சரிங்க சரிங்க என்று சொல்லிவிட்டு, வைத்த பிறகு நெடுநேரம் போனையே பிடித்துக்கொண்டிருந்தாளாம். அருண் மதியின் போனை எடுக்கவில்லை.

ஆபீசில் மதியின் பக்கத்தைத் திறந்தேன். கீழே 'நம் வட்டம்'. பன்னிரண்டு முகங்கள். அதில் பாதிப்பேர் தங்கள் சாதியைத் தங்கள் பக்கத்திலேயே பெருமையாக எழுதியிருப்பவர்கள். பெருமையாக எழுதட்டும், நல்லதுதான். எங்களுக்குத்தான் அந்த தைரியம் இல்லை.

நான் அழித்தது நாங்கள் பார்த்ததை மட்டும். ஆனால் அம்மா பார்த்த ஒவ்வொருவருக்கும் 'உங்கள் பக்கத்தை இவர் பார்த்தார்' என்று எங்கள் தளமே தகவல் சொல்லியிருக்கிறது. அவர்கள் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். மதியின் குடும்பப் படத்தில் அம்மா நிற்கிறாள். ஒரு பையனுடைய பக்கத்திலிருந்து விருப்பமும் கூடவே ஒரு செய்தியும் வந்து கிடந்தது. எழுதியது பையன் இல்லை, அவன் அம்மா. அதுவும் எங்கள் அம்மாவுக்கு.

'சுலோ, நீதானாடி? அந்த மூக்க நா மறப்பனா? நா பவுனு. ஒன்னாப் பீடி சுத்துனமே. உம் பொண்ணு ராணி மாரி கீறா. கல்யாணம் கூடுதோ இல்லியோ ஒரு போன் பண்ணுடி.' கீழே எண்.

பவுனம்மாள் ஊரில் எல்லோரிடமும் சொல்லியிருக்கவேண்டும். அந்த வாரத்திலேயே காலனிப் பையன்கள், பெண்கள், அவர்கள் பக்கத்தின் வழியே அத்தைகள், சித்தப்பாக்கள் என்று மொத்தப் பேரும் வந்து மதியைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆசையாகப் பார்த்திருக்கிறார்கள். பார்க்கப் பார்க்கக் கோடு தடித்திருக்கிறது.

அந்தச் செய்தியை அழித்தேன். எண்ணை எழுதி வைக்கவில்லை.

மார்ச் 5, புதன்

மதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். அழுதாள். அது இன்னும் மோசம்.

"நீ எதுக்குக்கா இந்த வேலையெல்லாம் பண்ண? அந்தக் கட்டம் பாட்டுக்கு இருந்துச்சு. நாம பாட்டுக்கு காலியா விட்டோம். யாரு அதத் தூக்கச் சொன்னா உன்ன?"

நான் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன். முடிக்கவில்லை. முன்பு கேள்வி ஒரே இடத்தில் இருந்தது, பதில் சொல்லாமல் தாண்டிவிடலாம். இப்போது தாண்ட இடம் இல்லை.

அம்மா சமையலறை வாசலில் நின்று, "பவுனு என்ன எழுதியிருந்தா?" என்று கேட்டாள். சொன்னேன். "நம்பர் இருக்கா?" என்றாள். அழித்துவிட்டேன் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய் இட்லிக்கு மாவு ஊற்ற ஆரம்பித்தாள்.

மார்ச் 6, வியாழன்

அருண் என் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றான். எதிர் டீக்கடையில் பேசினோம். கண்ணெல்லாம் சிவந்திருந்தது, பாவம்.

"எனக்கு ஒண்ணுமே இல்லக்கா. சத்தியமா. மதி யாரா இருந்தாலும் மதிதான். எங்கம்மாவுக்குக்கூட அவ்ளோ இல்ல. சொந்தக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னுதான்."

சரி என்றேன்.

"அந்த வட்டம் போடறது நீங்கதானேக்கா? மதி சொல்லிருக்கா." டீயைக் குடிக்காமல் கிளாசை உருட்டிக்கொண்டே இருந்தான். "அவள எங்க வட்டத்துல மாத்திப் போட முடியுமா? கம்ப்யூட்டர் தப்பா காட்டிருச்சுன்னு நீங்களே அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டா போதும். அவங்க யார்கிட்டயும் வேற எதுவும் கேக்க மாட்டாங்க. கம்ப்யூட்டரே சொல்லுதுன்னு சொல்லிப்பாங்க."

அறையலாம் போல இருந்தது. அதே சமயம், ஓடிப்போகாமல் வந்து நிற்கிறானே என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்ததால் டீக்கு நானே காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டில் மதியிடம் சொல்லி, "இவன் வேணுமாடி உனக்கு?" என்று கேட்டேன். யோசிக்கக்கூட இல்லை அவள்.

"வேணும்க்கா. எனக்கு நியாயம் வேணாம், அவன் வேணும். உனக்கு நடந்தப்போ நீ நியாயத்த வெச்சுகிட்டு உக்காந்த. என்ன கெடச்சுது?"

அம்மா அங்கேயேதான் இருந்தாள்.

மார்ச் 7, வெள்ளி

செய்தேன். பவுனம்மாள் பையன் கோடு, கன்னியப்பன் பேரன் கோடு, காலனிக் கோடுகள் எல்லாவற்றையும் நீக்கினேன். இனி அந்தப் பக்கத்திலிருந்து யார் பார்த்தாலும் மதியின் மேல் கோடு விழாதபடி அடைத்தேன். அருணுடைய கொத்திலிருந்து முப்பது நாற்பது பேரை எடுத்து அவளுக்குக் கோடு போட்டேன். அவர்கள் அவளைப் பார்த்ததே இல்லை. ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிறகு சந்திரலேகா அம்மாளுக்குப் போன்.

"அம்மா, எழில் பேசறேன். எங்க சிஸ்டத்துல ஒரு தப்பு நடந்துருச்சுங்க. மதி பக்கத்துல வேற யாரோட வட்டமோ மாறி வந்துருச்சு. இப்ப சரி பண்ணிட்டோம். அவ அந்த வட்டத்துல இல்லைங்க."

"அப்படிங்களா! அப்ப எந்த வட்டத்துலீங்க வருது?"

"உங்க வட்டந்தாங்க."

அவர் குரல் சட்டென்று ஏறியது.

"அதானே பாத்தேன்! முகக்களையே சொல்லுச்சுங்களே. நான் அன்னிக்கே இவருகிட்டச் சொன்னேன். நாங்க சாதியெல்லாம் பாக்கறதில்ல, இருந்தாலும் மனசுக்கு ஒரு இது வேணுமில்லைங்களா."

ஆமாங்க என்றேன். அப்பா காலியாக விடச் சொன்னார். நான் நிரப்பிவிட்டேன், அதுவும் என் வாயாலேயே.

"அப்ப ஞாயித்துக்கெழம சொன்னபடி வந்தர்றோங்க கை நனைக்க" என்றார். நன்றி சொல்லி வைக்கப் போனேன். "அப்புறம் எழிலு, அம்மாவுக்கு வயசாச்சு, எதுக்குங்க சிரமம். அடுப்புப் பத்தவெக்க வேணாஞ் சொல்லிருங்க. சாப்பாடு, எலை, தண்ணி பாட்டிலு எல்லாம் நாங்களே ஓட்டல்ல சொல்லி எடுத்தாந்தர்றோம்."

மார்ச் 8, சனி

கறிக்கடை பாய்க்குப் போன் செய்து, நாளைக்கு மட்டன் வேண்டாம் என்று சொன்னேன். "ஏம்மா, விசேசம் தள்ளிப் போச்சா?" என்றார். இல்லை பாய், நல்லபடியாக நடக்கிறது என்றேன்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தார்கள், சாப்பிட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த இலை, அவர்கள் கொண்டுவந்த சோறு, அவர்கள் கொண்டுவந்த தண்ணீர். எங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கை நனைத்தார்கள். அம்மா பரிமாற எழுந்தாள். "நீங்க உக்காருங்க சம்பந்தி, உங்களுக்கு எதுக்கு" என்று சந்திரலேகா அம்மாள் கரண்டியை வாங்கிக்கொண்டார். அம்மா நெடுநேரம் நின்றுவிட்டு, அப்புறம் உட்கார்ந்தாள். கல்யாணம் மே மாதம். அவர்கள் ஊரில், அவர்கள் மண்டபத்தில். "ரெண்டு பக்கமும் கூட்டம் வேணாங்க, நெருங்குன ஆளுங்க மட்டும் போதும்" என்றார். எங்கள் பக்கத்து நெருங்கின ஆட்கள் யார் என்று அவர் கேட்கவில்லை. மதி தலையைக் குனிந்துகொண்டு பாயசத்தைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். அருண் அவளைப் பார்த்துச் சிரித்ததும் அவளும் சிரித்தாள். சந்தோஷமாகத்தான் இருக்கிறாள். பொய் எழுத மாட்டேன், முகம் பூரித்துப் போயிருந்தது.

அவர்களை வழியனுப்ப மதி கீழே போனாள். அம்மா இலைகளைச் சுருட்டிப் பையில் போட்டுவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் படத்தக் காட்டுடி."

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். புள்ளிகளைப் பெரிதாக்கி, இதுதான் மதி என்று தொட்டேன். சுற்றிலும் முன்பின் தெரியாதவர்கள். அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நான் எங்க இருக்கேன் இதுல?"

"உனக்குப் புள்ளி கெடையாதும்மா. கல்யாணத்துக்கு நிக்கறவங்களுக்கு மட்டுந்தான்."

"பவுனுக்கு?"

"அவங்களுக்கும் இல்ல. அவங்க பையனுக்கு இருக்கு."

"அது எங்க?"

திரையைத் தள்ளிக்கொண்டே போய் மறுகோடியில் காட்டினேன். அவனைச் சுற்றிக் காலனியே இருந்தது, கோடு மேல் கோடாக. அம்மா முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோய் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அங்கிருந்து மதி வரைக்கும் விரலால் மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள். வழியில் எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை.

"ஒண்ணுகூட இல்லியே" என்றாள்.

"வெட்டிட்டேன்மா."

"ஆமா" என்றாள் அம்மா. "நல்லா சுத்தமா வெட்டியிருக்க."

சொல்லிவிட்டு, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.